வேஷத்தை வச்சுக்கிட்டு ஆளை வெட்டாதீங்க

யாராவது ரகளை பண்ணினா "என்னய்யா கூத்தடிக்கிறே" என்கிறீங்க. சினிமாவில் வர்ற குத்துப்பாட்டையும் எங்க ஊர்க் கூத்தையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறீங்க. அதை நான் பெரிசா எடுத்துக்கிறதில்லை. ஆனா நகரத்துலேருந்து வர்ற நண்பர்கள் கிட்ட கொஞ்ச காலமா ரெண்டு பேச்சு திரும்பத் திரும்பக் கேக்குறேன். ஒண்ணு: "தெருக்கூத்து அருமையான கலை, ஆனா ராத்திரி முழுக்க எதுக்கு? இருபது நிமிஷமாச் சுருக்கினா எல்லாரும் பார்ப்பாங்களே." இன்னொண்ணு: "கூத்துல நடிப்புன்னு என்ன இருக்கு? கத்துறாங்க, சுத்துறாங்க. கேரக்டர் எங்கே வளருது?"

இதைச் சொல்றவங்க கெட்டவங்க இல்லை. பாதிப் பேர் கூத்து மேல நிஜமான அக்கறை உள்ளவங்கதான். அதனாலதான் பதில் எழுத உட்கார்ந்தேன். அவங்க கேக்குற ரெண்டாவது கேள்விக்குக் காரணமே அவங்க சொல்ற முதல் யோசனைதான். இருபது நிமிஷமா வெட்டிட்டு, பாத்திரம் எங்கே வளருதுன்னு கேட்டா எங்கே போறது? நாத்து விட்ட இருபதாம் நாள் வந்து நின்னு, கதிர் எங்கேன்னு கேக்குற மாதிரி இருக்கு.

கூத்துல ஒரு பாத்திரம் எப்படி உருவாகுதுன்னு முதல்ல சொல்லிடறேன். எங்க பாகூர், வில்லியனூர் கொம்யூன் பக்கமும், வாய்க்காலைத் தாண்டினா வர்ற கடலூர், விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்கள்லயும் திரௌபதி அம்மன் கோயில் திருவிழான்னா பாரதம்தான். பகல்ல பிரசங்கியார் கதை படிப்பார். ராத்திரி அதே கதையை ஜமா கூத்தா நடத்தும். பத்து நாள், சில ஊர்ல பதினெட்டு நாள். கடைசியில படுகளம், தீமிதி.

ராத்திரி சாப்பாடு முடிஞ்சு ஊர் வந்து உட்கார்ற நேரத்துக்கு மத்தளமும் தாளமும் சேர்ந்து களரி கட்டுவாங்க. ஆர்மோனியம், முகவீணை சேரும். கட்டியங்காரன் வந்து ஊர் வம்பெல்லாம் பேசி, தூங்க வந்தவனையும் எழுப்பி உட்கார வைப்பான். அப்புறம் ரெண்டு பேர் ஒரு துணியைத் திரையாப் பிடிப்பாங்க. பின்னால சலங்கைச் சத்தம். துரியோதனன் வந்துட்டான், ஆனா ஆளைக் காட்ட மாட்டான். திரைக்கு மேல கிரீடத்தோட நுனி தெரியும், கீழே கால் தெரியும், குரல் மட்டும் வரும். பாட்டுலயே தன் பெருமையைச் சொல்லுவான். மெதுவா முகம் வரும், மறுபடி மறையும். திரை விலகிச் சுத்தி ஆடி நின்ன பிறகு கட்டியங்காரன் கேப்பான்: நீ யாரு, எந்த நாடு, எதுக்கு வந்தே? மகாராஜா பதில் சொல்லணும். பாட்டாச் சொன்னதை வசனமாச் சொல்லணும். கட்டியங்காரன் நடுவுல புகுந்து கேலி பண்ணுவான், ராஜாவுக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்துலதான் அவன் எப்பேர்ப்பட்ட ஆள்னு நமக்குத் தெரியும். இந்தப் பிரவேசத்துக்கு மட்டும் அரை மணி, முக்கால் மணி ஆகும்.

"வந்தேன்"னு பாடுற அதே ஆள் "துரியோதன ராஜன் வந்தார்"னு தன்னையே மூணாம் மனுஷனாவும் சொல்லுவான். புதுசாப் பார்க்கிறவங்க இதைக் குழப்பம்னு நினைக்கிறாங்க. அவன் ராஜாவாவும் இருக்கான், ராஜாவைப் பத்திக் கதை சொல்றவனாவும் இருக்கான். துகில் உரியுற ராத்திரியில இது இன்னும் நல்லாத் தெரியும். துச்சாதனன் வேஷம் கட்டினவர், சேலையில கை வைக்கிறதுக்கு முன்னால கற்பூரம் ஏத்திக் கும்பிட்டு, இந்தப் பாவம் என்னைச் சேரக்கூடாதுன்னு அம்மன்கிட்ட வேண்டிக்குவார். அடுத்த நிமிஷம் துச்சாதனனா மாறுவார். நடிப்பு தெரியாதவன் செய்யற காரியமா இது?

இப்போ படுகளத்துக்கு வாங்க. கடைசி நாள் பகல்ல, வெட்டவெளியில துரியோதனனை மண்ணாலே பெரிய உருவமாப் படுக்க வைப்பாங்க. பீமன் தொடையில அடிப்பான். திரௌபதி சபதம் முடிச்சுக் கூந்தலை முடிவாள். அந்த இடத்துல துரியோதனனுக்காக ஒப்பாரி எழும். இத்தனை நாளாத் திட்டித் தீர்த்த ஆளுக்கு, பார்த்துக்கிட்டிருக்கிற பொம்பளைங்களும் கண்ணைத் துடைச்சுக்குவாங்க.

வில்லனுக்கு ஏன் அழறாங்க? ஏன்னா பத்து ராத்திரி அவன்கூட முழிச்சிருக்காங்க. திரைக்குப் பின்னாலேருந்து அவன் குரல் வந்த நேரத்துலேருந்து பார்த்திருக்காங்க. சபையில சிரிச்சதையும், தூது வந்த கிருஷ்ணன்கிட்ட ஊசி முனை நிலம்கூடத் தரமாட்டேன்னதையும், தம்பிமார் ஒவ்வொருத்தனாச் சாகச் சாகத் தனியாளா நின்னதையும் பார்த்திருக்காங்க. பாத்திர வளர்ச்சின்னு நீங்க இங்கிலீஷ்ல சொல்றது இதைத்தான். இருபது நிமிஷத்துல செகப்பு மூஞ்சியும் ஒரு சிரிப்பும்தான் கிடைக்கும். அதுக்கு எவனும் அழமாட்டான்.

கர்ண மோட்சமும் அப்படித்தான். தேரோட்டி வளர்த்த பிள்ளைன்னு கர்ணனை இளப்பமாப் பேசுற பொன்னுருவி, அவன் போருக்குக் கிளம்பும்போது போக விடாம அழறா. முதல் பாதியில அவ பேச்சுக்கு ஊரே சிரிக்கும். விடியற நேரத்துல யாரும் சிரிக்க மாட்டாங்க. நடுவுல இருக்கிற நாலு மணி நேரம்தான் அந்தச் சிரிப்பை அழுகையா மாத்துது. அதை எடுத்துட்டா மிச்சம் என்ன?

"ஓவர் ஆக்டிங்"னு ஒரு குத்தம் சொல்றீங்க. அறுத்த வயல்ல, கடைசி வரிசையில உட்கார்ந்திருக்கிற கிழவிக்கும் போய்ச் சேரணும். தலையில மரக் கிரீடம், தோள்ல புஜக்கட்டை, மாருல பதக்கம். அந்த உருவத்துக்கு ஏத்த குரல், அதுக்கு ஏத்த அடி. பேச்சு போதாத இடத்துல பாட்டு, பாட்டும் போதாத இடத்துல ஆட்டம். உலகத்துல எந்த இசை நாடகத்துக்கும் இதுதான் கணக்கு. பிரான்சுல இருக்கிற சொந்தக்காரங்க நம்ம புதுச்சேரியில நிறைய பேருக்கு உண்டு, கேட்டுப் பாருங்க. பாரிசில் 1980-ல் மேடையேறி, 1985-ல் லண்டனுக்குப் போன "லே மிசராப்ள்" நாடகத்துல, கதாநாயகன் தான் யாருன்னு தனக்குத்தானே பாட்டாவே கேட்டு, பாட்டாவே பதில் சொல்றான். ஏறக்குறைய மூணு மணி நேர நாடகம். டிக்கெட் வாங்கி வாயைப் பொத்திக்கிட்டுப் பார்க்கிறாங்க. இருபது நிமிஷமாச் சுருக்குன்னு அவங்ககிட்ட யார் சொன்னது?

இங்கேயும் பாருங்க. புரிசை கண்ணப்பத் தம்பிரான் கூத்தைப் பார்த்து அசந்துபோனவர் ந. முத்துசாமி. அவர் 1977-ல் சென்னையில ஆரம்பிச்சதுதான் கூத்துப்பட்டறை. நீங்க திரையில பார்த்துக் கைதட்டுற பசுபதி, கலைராணி எல்லாம் அங்கேருந்து வந்தவங்க. பழம் சாப்பிட இனிக்குது, மரத்தை மட்டும் சுருக்கி வெட்டணுமா?

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் காலமானது நம்ம புதுச்சேரியிலதான். சமாதி கருவடிக்குப்பத்துல இருக்கு. புதுவைப் பல்கலைக்கழகத்துல அவர் பேர்ல நிகழ்கலைப் பள்ளி வச்சோம். பேர் வைக்கிறதுல நமக்குக் குறையே இல்லை.

இப்போ நடக்குறதைச் சொல்றேன். எங்க பக்கத்து ஜமா ஒண்ணை ஒரு விழாக் குழுவினர் கூப்பிட்டாங்க. அரிதாரம் பூசி, கட்டை கட்டி முடிக்க ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. மேடையில கொடுத்தது பதினஞ்சு நிமிஷம். விருந்தாளி லேட்டா வந்ததால அதுவும் எட்டு நிமிஷமாச்சு. அப்புறம் வாசல்ல நின்னு வர்றவங்களைக் கும்பிடச் சொன்னாங்க. கல்யாண மண்டபத்துலயும் இதே கதைதான். பாரதத்துல யாருக்கும் தலை வணங்காத துரியோதன மகாராஜா, மண்டப வாசல்ல பொம்மை மாதிரி நின்னு கைகூப்புறார். பக்கத்துல நின்னு செல்ஃபி எடுத்துட்டு, "கிராமியக் கலையை வாழவைக்கிறோம்"னு போடுறாங்க. வேஷத்தை வாழவைக்கிறீங்க, சரி. அதுக்குள்ள இருந்த ஆள் எங்கே?

எதிர்ப்பேச்சு எனக்கும் தெரியும். சத்தம். வில்லியனூர் பக்கம் நேத்து வரைக்கும் நெல் விளைஞ்ச இடமெல்லாம் மனையாயிடுச்சு. புதுசா வீடு கட்டி வந்தவங்களுக்குக் காலையில வேலைக்குப் போகணும். 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிப்படி ராத்திரி பத்து மணிக்கு மேல வெளியில ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்கு அரசு விலக்கு கொடுத்தாலும் பன்னிரண்டு வரைக்கும்தான், அதுவும் வருஷத்துக்குப் பதினஞ்சு நாள்தான். கூத்து சூடு பிடிக்கிறதே பன்னிரண்டுக்கு. போலீஸ் வந்து நிறுத்தினா துரியோதனன் திரைக்குப் பின்னாலயே நிக்க வேண்டியதுதான்.

அந்தச் சட்டத்தைக் குத்தம் சொல்ல மாட்டேன். நோயாளிக்கும் கைக்குழந்தைக்கும் தூக்கம் வேணும். ஆனா தொந்தரவு ஒலிபெருக்கியாலதான், கூத்தால இல்லை. மைக் வர்றதுக்கு முன்னாலேருந்து ஆடின கூத்து இது. அந்தத் தொண்டையே மைக் இல்லாம வயல்வெளியில பாடப் பழகின தொண்டை. தென்னை மரம் பூரா புனல் குழாயைக் கட்டி ஊரை அலற வைக்கிறது கூத்துக்காரன் இல்லை, திருவிழாக் கமிட்டி. கமிட்டிக்காரங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்: பத்து மணிக்கு மேல குழாயைக் கழட்டுங்க. ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளி, அறுத்த வயல்ல களம் போடுங்க. ஜனம் நெருங்கி உட்காரட்டும், விடிய விடிய ஆடட்டும். சத்தம்னு சொல்லிக் கூத்தைப் பாதியில நிறுத்திட்டு, மறுநாள் அதே இடத்துல பாட்டுக் கச்சேரிக்கு ஆள் உயர பாக்ஸ் வைக்கிறீங்களே, அது என்ன நியாயம்?

நகரத்து நண்பர்களுக்கும் ஒண்ணு. உங்க விழாவுக்குக் கூத்தைக் கூப்பிட்டா ஒரு கதையை முழுசா ஆட நேரம் கொடுங்க. முடியலைன்னா கூப்பிடாதீங்க, ஜமாவுக்கு அதுவே மரியாதை. பார்க்கணும்னு ஆசையிருந்தா பங்குனியிலேருந்து ஆடி வரைக்கும் எங்க பக்கம் எந்தத் திரௌபதி அம்மன் கோயில்ல கொடி ஏறியிருக்குன்னு விசாரிச்சு வாங்க. ஒரு போர்வை கொண்டு வாங்க. நடுவுல கண் அசந்தா அசரட்டும், நாங்களும் அசருவோம், கட்டியங்காரன் எழுப்புவான். விடியற வரைக்கும் இருந்து பாருங்க. அப்புறமும் கூத்துல பாத்திரம் வளரலைன்னு தோணிச்சுன்னா, என்கிட்ட வந்து சண்டை போடுங்க.