வயலைக் காட்டலாம், வயலை மூட வேண்டாம்

கேள்வி: "கொட்டாரத்தில் ரோட்டை ஒட்டி 80 சென்ட் வயலும், அதற்கடுத்து 60 சென்ட் வாழைத்தோட்டமும் எங்களுக்கு உண்டு. திருவனந்தபுரத்திலிருந்து காரில் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டி வரும் ஒருவர், வாரம் மூன்று நான்கு தடவை ஆட்களோடு வருகிறேன், வயலையும் வாழையையும் காட்டினால் பணம் தருகிறேன் என்கிறார். கார் நிறுத்த 10 சென்ட் வயலில் மண் அடித்துத் தரவும் கேட்கிறார். வீட்டுக்காரருக்குச் சம்மதம். மாமனார் கூடவே கூடாது என்கிறார். என்ன செய்யலாம்?"
- வாசகி ஒருவர், கொட்டாரம்

பதில்: இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆட்கள் வரட்டும். ஆனால், மண் அடிக்கும் பேச்சு வேண்டாம்.

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் சுமார் 90 கிலோமீட்டர். காலையில் புறப்படும் வாடகைக் கார்கள் பத்மநாபபுரம் அரண்மனை, சுசீந்திரம் கோயில், கன்னியாகுமரி என்று பார்த்துவிட்டு இரவு திரும்புவது வழக்கம். சுசீந்திரத்திலிருந்து குமரிக்குப் போகிற வழியில்தான் கொட்டாரம் இருக்கிறது. உச்சிப் பொழுதில் கோயில் நடை சாத்திவிடுவார்கள். சூரிய அஸ்தமனமோ மாலை 6 மணியை ஒட்டித்தான். இடையில் உள்ள நேரத்தை எப்படிக் கழிப்பது என்பதுதான் கார்க்காரரின் கவலை. திங்கட்கிழமைகளில் பத்மநாபபுரம் அரண்மனைக்கு விடுமுறை என்பதால் அன்று இன்னும் அதிக நேரம் மிஞ்சும். ஆக, வயல் அவருக்கும் தேவைப்படுகிறது. இதைத் தெரிந்துகொண்டால் பேரம் பேசும்போது தயங்க வேண்டியதில்லை. மாலை 3 மணி முதல் 5 மணி வரை என்று நேரத்தை வரையறுத்துவிட்டால் காலை வேலையும் கெடாது.

மண் அடிப்பதால் வரும் நஷ்டம் 10 சென்டோடு நிற்காது. கோதையாறு பாசனத்தில் கடைவரம்புப் பகுதியில் தண்ணீர் வருவதே பாடு. ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குத் தண்ணீர் பாயும் இடத்தில், நடுவே மேடு எழுந்தால் கீழ்வயல்காரரின் பயிர் காயும், மழைக்காலத்தில் மேல்வயல் மூழ்கும். சட்டமும் இதற்கு இடம் தராது. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி விளைநிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற முன் அனுமதி வாங்க வேண்டும். நஞ்சை என்றால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் தேவை. கார்க்காரர் நாளைக்கு வேறு ஊருக்குப் போய்விடலாம். அடித்த மண்ணை அள்ளி எடுத்து அதைத் திரும்ப வயலாக்குவது எளிதல்ல. வீட்டு முற்றத்திலோ, களத்திலோ, ரோட்டோரப் புறம்போக்கில் ஊராட்சி அனுமதிக்கும் இடத்திலோ ஒரு கார் நின்றால் போதும்.

எந்த மாதத்தில் எதைக் காட்டுவது என்பதற்கும் கணக்கு உண்டு. வெளிநாட்டவர் அதிகம் வரும் டிசம்பர், ஜனவரியில் கும்பப்பூ பயிர் வயலில் நிற்கும். அதே காலத்தில் சுசீந்திரம், தேரூர் குளங்களில் வலசைப் பறவைகளும் இருக்கும். இந்த நீர்நிலைகள் 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. ஏப்ரல், மே விடுமுறையில் வருகிறவர்களுக்கு வயலில் பார்க்க அதிகம் இருக்காது. அப்போது வாழையும் நுங்கும் அக்கானியும் கைகொடுக்கும். பயணிகளுக்காக அறுவடையைத் தள்ளிப்போடவோ, விளைந்த குலையை மரத்திலேயே விட்டுவைக்கவோ கூடாது.

பணத்தைப் பொறுத்தவரை, காருக்கு இவ்வளவு என்று பேசாமல் தலைக்கு இவ்வளவு என்று பேசுவது நல்லது. ஓர் உதாரணம்: தலைக்கு 150 ரூபாய் என்று வைத்தால் 5 பேருக்கு 750 ரூபாய். ஆளுக்கு ஓர் இளநீர், இரண்டு பழம், சுற்றிக்காட்டுபவரின் ஒரு மணி நேரக் கூலி ஆகியவற்றைக் கழித்து மிஞ்சுவதுதான் வருமானம். கார்க்காரரின் கமிஷன் இதற்குள்ளா, வெளியிலா என்பதை முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அன்றன்று பணம், கடன் கிடையாது என்பதும் அதில் இருக்கட்டும்.

நுழைவுப் பணத்தைவிட விளைபொருள் விற்பனையில்தான் நிலையான லாபம். கன்னியாகுமரி மட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கைக்குழந்தைகளுக்கு ஊட்டும் பழம் என்று சொல்லி ஒரு சீப்பைக் கையில் கொடுத்தால், வாங்காமல் போகிறவர் குறைவு. செவ்வாழை, ஏத்தன், கருப்பட்டி இவற்றையும் விலை எழுதி வைக்கலாம். சமைத்த உணவு விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும்.

வாழையில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பனாமா வாடல் நோயை உண்டாக்கும் பூசணம் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். வேறு தோட்டத்துக்குப் போய்வந்தவரின் செருப்பில் ஒட்டிய மண்ணோடு அது உள்ளே வந்துவிடலாம். ரசகதலி இந்த நோய்க்கு எளிதில் ஆளாகும். வந்த பிறகு குணப்படுத்த மருந்து இல்லை. தோட்டத்து வாசலில் ஆறேழு ஜோடி ரப்பர் செருப்பு வைத்து, மாற்றிக்கொண்டு வரச் சொல்வதுதான் எளிய வழி. அல்லது, வெளி வரப்பில் நிறுத்தியே காட்டிவிடலாம்.

பூச்சிமருந்து அடித்த வயலுக்குள், மருந்துப் புட்டியில் போட்டிருக்கும் இடைவெளி முடியும்வரை யாரையும் இறக்கக் கூடாது. கிணறு, மோட்டார் பக்கம் குழந்தைகள் போகாதபடி அடைப்பு வேண்டும். நடவு நடும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வந்தவர்களை இரவு தங்கவைக்க ஆசைப்பட வேண்டாம். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். வேறு பொறுப்புகளும் கூடவே வரும்.

இது மற்ற இடங்களில் நடந்து பார்த்த காரியம்தான். மகாராஷ்டிராவில் பாராமதியை மையமாக வைத்து பாண்டுரங்க தவாரே 2005-ல் வேளாண் சுற்றுலாவைத் தொடங்கினார். அந்த மாநில அரசு 2020-ல் அதற்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. கேரளத்தின் குமரகத்தில் 2008 முதல், ஹோட்டல்களின் சமையலறைக்கு ஊர்க்காரர்கள் விளைவித்த காய்கறிகளை வாங்க ஏற்பாடு செய்தார்கள். இரண்டு இடத்திலும் விவசாயம்தான் முதல், சுற்றுலா அதற்குப் பிறகு.

கொட்டாரம் வாசகி முதல் மூன்று மாதம், வாரம் இரண்டு நாள் மட்டும் என்று தொடங்கலாம். வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி வரட்டும். கும்பப்பூ அறுவடை முடிந்ததும் அந்த நோட்டையும் நெல் மூட்டைக் கணக்கையும் மாமனார் முன்னால் வைத்துப் பேசினால், தொடர்வதா நிறுத்துவதா என்பது தெரிந்துவிடும். எந்த முடிவானாலும் 80 சென்ட் வயலும் 80 சென்டாகவே இருக்கும்.