கழற்றிப் பூட்டுவோம்



ஹெண்டர்சனில் புரூஸ் மக்லாரன் என்பவரின் பெயரில் ஓர் இடைநிலைப் பாடசாலை இருப்பதை ரானுயிப் பக்கம் குடியிருக்கும் எம்மவர் பலர் அறிவர். அவர் யார் என்று கேட்டால் "றேஸ் கார் ஓட்டியவராம்" என்பதோடு நிறுத்திக்கொள்வோம். ஆனால் அவரது கதை ஒரு பழைய காரைக் கழற்றிப் பூட்டியதில் தொடங்குகிறது. புதிதாக வந்து குடியேறிய எமக்கும் அந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு என்பதால் இம்முறை அதைப்பற்றிப் பேசுவோம்.

மக்லாரன் 1937இல் ஒக்லாந்தில் பிறந்தவர். தகப்பனார் ரெமுவெராவில் பெற்றோல் நிலையமும் கராஜும் நடத்தியவர். ஒன்பது வயதில் இடுப்பு எலும்பில் நோய் கண்டு, பையன் சுமார் இரண்டு ஆண்டுகள் ரக்கபூனாவில் உள்ள சிறுவர் இல்லத்தில் படுக்கையில் கிடந்தான். எழுந்தபோது ஒரு கால் மற்றதைவிடக் கட்டையாகிவிட்டது. பின்னர் தகப்பனார் 1929ஆம் ஆண்டின் ஒஸ்ரின் செவன் அல்ஸ்ரர் கார் ஒன்றைத் திருத்தி விற்கும் எண்ணத்தோடு வாங்கினார். மகன் விற்கவிடவில்லை. இருவருமாக அதைத் திருத்தினார்கள். 1952இல் அந்தக் காரோடு அவர் முதன்முதலாகப் போட்டியிட்ட இடம் முரிவாய் மலையேற்றப் பாதை. ரானுயியிலிருந்து காரில் அரை மணித்தியாலத்தில் நாம் குடும்பமாகக் கடல் பார்க்கப் போகும் அதே முரிவாய்தான்.

1958இல் அவர் ஐரோப்பா போனபோது ஒஸ்ரின் காலத்து நண்பர் கொலின் பீன்லண்ட் மெக்கானிக்காகக் கூடவே போனார். 1959இல், 22 வயதில், அமெரிக்க கிறான்ட் பிறீ போட்டியில் வென்றார். 1963இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். 1968இல் தன் பெயர் தாங்கிய காரிலேயே பெல்ஜியத்தில் வென்றார். 1970இல் இங்கிலாந்தில் கார் ஒன்றைப் பரிசோதிக்கையில் விபத்தில் இறந்தார். அவரது உடல் கிளென் ஈடனில் உள்ள வைக்குமேற்றே மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டது. ரானுயியிலிருந்து ரயிலேறினால் நான்காவது நிலையம் கிளென் ஈடன்.

பழைய காரின் கனத்த உடலைக் கழற்றிவிட்டு, இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய இலேசான திறந்த உடலைப் பூட்டி ஓட்டுவதை ஸ்பீட்ஸ்ரர் என்பார்கள். இந்நாட்டவர் பொதுவாக 'ஸ்பெஷல்' என்பர். 1922இல் வந்த ஒஸ்ரின் செவன் இதற்குப் பேர்போனது. எஞ்சின் 747 சி.சி.தான். ஆனால் கார் மலிவு, இலேசு. எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் அடிச்சட்டமும் உடலும் வேறுவேறு. லோட்டஸ் நிறுவனத்தை உருவாக்கிய கொலின் சப்மனின் முதற் காரும் பழைய ஒஸ்ரின் செவனில் கட்டியதே.

இந்த வேறுபாடு எமது கராஜ்காரருக்குப் புதிதல்ல. ஊரில் 'ஏ போட்டி' என்று நாம் அழைத்த ஒஸ்ரின் ஏ40 டெவன், சமர்செற் கார்களுக்குத் தனி அடிச்சட்டம் உண்டு. மொறிஸ் மைனருக்கு அப்படியல்ல. அதன் உடலே பாரத்தைத் தாங்குவது, அதை வெட்டினால் கார் வளைந்துவிடும். 1990இன் பின் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அற்றுப்போனபோது, சில துளி பெற்றோலில் எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெயில் இந்தக் கார்களை ஓட்டியவர்கள் நாம். உதிரிப்பாகம் இல்லாத இடத்தில் உதிரிப்பாகம் செய்தவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள்.

அவர்கள் இன்று எங்கே? பலர் இரவு வேலைக்குப் போய்வந்து பகலில் உறங்குகிறார்கள். கையிலுள்ள தொழிலுக்குக் கடதாசி இல்லை. வங்கியிலும் வைத்தியரிடமும் பாடசாலையிலும் பிள்ளைதான் ஆங்கிலம் பேசுகிறது, தகப்பன் பக்கத்தில் மௌனமாக நிற்கிறார். நாளடைவில் வீட்டிலும் மௌனமாகிவிடுகிறார். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று பிள்ளை எண்ணத் தொடங்குவதை நாம் பல வீடுகளில் காண்கிறோம். இதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை. பழைய கார் ஒன்றை நடுவில் வைத்தால் நிலைமை மாறும். வால்வு ஏன் தட்டுகிறது என்று பிள்ளை கேட்கவேண்டும், தகப்பன் சொல்லவேண்டும். பக்கத்து வீட்டு வெள்ளையரோ மாவோரியரோ சமோவரோ எட்டிப் பார்த்தால் அவரும் ஒரு ஸ்பனரைப் பிடிப்பார். பேச்சுத் தானாக வரும்.

எனினும் சில விடயங்களை முன்கூட்டியே கவனிக்கவேண்டும்.

முதலாவது, சட்டம். வீதியில் ஓடும் காருக்கு வொரன்ற் வேண்டும். பெரிதாக மாற்றியமைத்த காருக்கு எல்.வி.வி. எனப்படும் சான்றிதழும் வேண்டும். அதை வழங்கும் பரிசோதகரிடம் வெட்டுவதற்கு முன்பே போய்க் கேளுங்கள். வெட்டிய பின் கேட்டால் பணமும் போகும், காரும் போகும். பதிவு இரத்தான காரை மீண்டும் பதிவது தனி வேலை என்பதால், வாங்குமுன் அதையும் பாருங்கள்.

இரண்டாவது, உயிர். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே படுக்கவேண்டாம், தாங்கி வையுங்கள். வெறுமையான பெற்றோல் ராங்கியும் ஆவியால் வெடிக்கும். அதில் வெல்டிங் வைக்காதீர்கள். பழைய பிறேக் சூவின் தூசியில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். ஒஸ்ரின் செவனின் பிறேக் அந்தக் காலத்திலேயே பலவீனமானது. வேகத்தைக் கூட்டுமுன் பிறேக்கைத் திருத்துங்கள்.

மூன்றாவது, நட்பு. கார் யார் பெயரில் பதிவாகும், யார் எவ்வளவு போட்டார்கள், விற்றால் எப்படிப் பங்கு என்பதை முதல் நாளே கொப்பியில் எழுதுங்கள். கடன் வாங்கி இறங்கவேண்டாம். வாடகை வீடாயின் வீட்டுச் சொந்தக்காரரின் அனுமதி பெறுங்கள். இரவில் இரும்பு அராவி அயலவரின் உறக்கத்தைக் கெடுக்காதீர்கள்.

எல்லோரும் மக்லாரன் ஆகப்போவதில்லை, ஆகவேண்டியதும் இல்லை. கார் ஓட ஒரு வருடமோ மூன்று வருடமோ பிடிக்கட்டும். அதற்குள் ஒரு தகப்பனின் கைத்தொழில் பிள்ளையின் கைக்கு வந்துவிட்டால், செலவழித்த காசு வீண்போகவில்லை என்போம். ஊரில் கராஜ் வைத்திருந்த பெரியவர் ஒருவர் உங்கள் தெருவில் இருப்பார். இந்தச் சனிக்கிழமை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அவரைப் போய்ப் பாருங்கள்.