ஓட்டையை அடைக்கிறேன் பேர்வழி

கணினி விளையாட்டுகளுக்கு 'மாட்' எழுதுபவர்கள் (மாடு இல்லை மக்களே, மாட்!) என்று ஒரு கூட்டம் உண்டு. கம்பெனிக்காரன் விற்ற விளையாட்டைப் பிரித்து மேய்ந்து, தனக்குப் பிடித்த மாதிரி மாற்றி, ஊருக்கே இலவசமாகக் கொடுக்கிற புண்ணியவான்கள். அவர்கள் மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. ஆபீஸ் முடிந்ததும் நாமெல்லாம் சுட்டுக்கொண்டு திரிந்தோமே கவுண்டர் ஸ்ட்ரைக், அதுவே 1999-ல் ஹாஃப் லைஃபுக்கு எழுதப்பட்ட ஒரு மாட்தான். ஆனால் இந்தக் கூட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. "இந்த விளையாட்டைப் படைத்தவர் நினைத்தது இப்படி இல்லை, அதனால் நீ இப்படி ஆடக்கூடாது" என்று ஓட்டைகளைத் தேடித் தேடி அடைப்பவர்கள். இன்றைக்கு என் சண்டை அவர்களோடுதான். அவர்கள் எழுதியதை எடுத்து வந்து வீட்டுப் பிள்ளைகள் தலையில் கட்டும் அப்பாக்களோடும்.

வீட்டில் எட்டு வயசுக்கு மேல் பிள்ளை இருந்தால் மைன்கிராஃப்ட் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அதில் ஒரு வெடிகுண்டுக் கட்டை செய்ய 5 பங்கு கரிமருந்து, 4 பங்கு மணல் வேண்டும். சிவகாசிக் கணக்கு. மலையைக் குடைய ஆயிரக்கணக்கில் குண்டு தேவைப்படும், அத்தனை மணலுக்கு எங்கே போவது? பிள்ளைகள் ஒரு வித்தை கண்டுபிடித்தார்கள். பிஸ்டன் அந்தக் கட்டையைத் தள்ளுகிற அதே நொடியில் பற்றவைத்தால், கட்டை அப்படியே இருக்கும், வெடிக்கிற குண்டு தனியாகப் பிறக்கும். ஒரு கட்டையை வைத்தே மலையைக் காலி பண்ணலாம். நிரலில் உள்ள பிழைதான், யாரும் மறுக்கவில்லை. மோஜாங் கம்பெனியே பல வருஷம் தெரிந்தும் தொடாமல் விட்டு வைத்த பிழை.

சர்வர் நடத்துகிறவர்கள் பலர் மோஜாங்கின் மூலச் சர்வரை விட்டுவிட்டு, அதை மாற்றி எழுதிய 'பேப்பர்' என்ற மென்பொருளைப் போடுகிறார்கள். நிறைய பேர் ஏறினாலும் திணறாது, நல்ல சரக்கு. ஆனால் போட்ட கையோடு இந்தக் குண்டு வித்தை நின்றுவிடும். திரும்பத் திறக்க ஒரு சுவிட்ச் உண்டு, அதை 'ஆதரவில்லாத அமைப்புகள்' என்ற தலைப்பின் கீழே ஒரு மூலையில் வைத்திருக்கிறார்கள்.

இங்கே டல்லாஸில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு குடும்பம் சேர்ந்து பிள்ளைகளுக்கு ஒரு சர்வர் வைத்திருக்கிறோம். இதைக் கேளுங்கள்: ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் அ, ஆ சொல்லவே அழுகிற பிள்ளைகள் அந்த சர்வரில் தமிழில் கத்துகிறார்கள். "டேய் தள்ளிப்போடா, வெடிக்கப் போகுது!" யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மூன்று பிள்ளைகள் கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து, தானே நகர்ந்து மலையைக் குடைகிற ஒரு இயந்திரம் கட்டினார்கள். சர்வரைப் பார்த்துக்கொள்ளும் அப்பா ஒரு ராத்திரி பேப்பரைப் போட்டார். காலையில் இயந்திரம் செத்துக் கிடந்தது. கேட்டால், "அது ஏமாத்து வேலைங்க, கேமை எப்படி ஆடணுமோ அப்படி ஆடட்டும்" என்றார். அந்த மூன்று பேரும் இப்போது வேறு ஏதோ பொது சர்வருக்குப் போய்விட்டார்கள். அங்கே பேச்செல்லாம் இங்கிலீஷ்.

எப்படி ஆடணுமோ அப்படி என்றால் எப்படி சார்? மைன்கிராஃப்டின் முகமே அந்தப் பச்சை நிற கிரீப்பர்தான். பன்றியை வரையப்போய், நீளத்தையும் உயரத்தையும் மாற்றிப் போட்டதால் பிறந்தது அது. பிஸ்டன் சம்பந்தமான இன்னொரு பிழையைப் புகாராக அனுப்பியதற்கு, 'இது சரியாகத்தான் வேலை செய்கிறது' என்று மோஜாங்கே முத்திரை குத்திவிட்டது. 1991-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ல் அடி மேல் அடியாகத் தொடர்ந்து அடிக்கிற 'காம்போ' இருக்கிறதே, அது எதிர்பாராமல் வந்தது. செய்தவர்கள் சோதனையில் கவனித்தும், போனால் போகிறதென்று விட்டுவைத்தார்கள். சண்டை விளையாட்டு என்றாலே இன்றைக்குக் காம்போதான். அன்றைக்கு நம்ம ஓட்டை அடைப்பவர்கள் பக்கத்தில் இல்லாதது நல்லதாகப் போயிற்று :-)

எங்கள் சாந்திபுரம் குப்பத்துக்குப் பக்கம், சித்தூர் மாவட்டம். பஸ் ஏறினால் ஒரு பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கர்நாடகா. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. நாங்கள் சடுகுடு என்போம், தெலுங்குப் பசங்கள் செடுகுடு என்பார்கள். கோடு கிழிப்பதற்கு முன்னால் கால் மணி நேரம் பஞ்சாயத்து நடக்கும். பாட்டை நிறுத்தினால் அவுட்டா, மூச்சு விட்டால்தான் அவுட்டா? வாயால் பாடிக்கொண்டே மூக்கால் மூச்சைத் திருடுகிற கில்லாடி ஒருவன் இருந்தான். சடுகுடுவைக் கண்டுபிடித்தவர் என்ன நினைத்தார் என்று யாரும் கேட்கவில்லை. "எல்லாருக்கும் கேக்கற மாதிரி சத்தமாப் பாடு" என்று அடுத்த ஆட்டத்திலிருந்து புது விதி போட்டோம். போட்டது எதிரில் நின்று ஏமாந்தவர்கள். போட்டது ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால்.

ப்ரோ கபடியும் இதையேதான் பெரிய அளவில் செய்தது. முன்னிலையில் இருக்கிற அணி சும்மா போய்க் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி நேரத்தைக் கடத்தலாம். விதியில் அதற்கு இடமிருந்தது, பார்க்கிறவனுக்குத்தான் கொட்டாவி. இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது முறை புள்ளி எடுத்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் அவுட் என்று வைத்தார்கள். அது நல்ல அடைப்பு. ஆட்டம் கூடியது, எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்தும் இருந்தது.

'நோக்கம்' என்று பேசுகிறவர்களுக்கு இன்னொன்று. 2019 மார்ச்சில் ஜெய்ப்பூரில் நம்ம அஸ்வின், கோட்டை விட்டு வெளியே போன பட்லரை ரன் அவுட் ஆக்கினார். விதிப்படி சரி. ஆனாலும் 'ஆட்டத்தின் ஆன்மா' போச்சு என்று உலகமே கூப்பாடு போட்டது. பந்து விழுவதற்கு முன்பே ஓடி ஓசியில் ரெண்டடி எடுக்கிறவனை ஒருவரும் ஓட்டையில் புகுந்தவன் என்று சொல்லவில்லை! 2022 அக்டோபரில் எம்.சி.சி. அந்த விதியை 'நியாயமற்ற ஆட்டம்' பகுதியிலிருந்து எடுத்து, சாதாரண ரன் அவுட் பகுதியில் சேர்த்தது. நோக்கம் என்ன என்பது யார் குரல் பெரிது என்பதைப் பொறுத்தது.

"இன்னிக்கு கேமில் குறுக்கு வழி, நாளைக்குப் பரீட்சையிலும் இதையேதானே செய்வான்?" என்று கேட்கிறார்கள். ஏப்ரல் 15 நெருங்கும்போது வரிச் சட்டத்தில் எங்கே இடமிருக்கு என்று ராத்திரி முழுக்கத் தேடுகிற நாம் கேட்கிற கேள்வியா இது? பிஸ்டன் எந்த நொடியில் என்ன செய்கிறது என்று வாரக்கணக்கில் சோதித்துக் கண்டுபிடித்த பிள்ளை பிட் அடிக்கவில்லை, படித்திருக்கிறான்.

அடைக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. வைரத்தை நகல் எடுத்துச் சந்தையில் கொட்டினால், நேர்மையாகத் தோண்டி எடுத்தவளின் உழைப்பு மண்ணாகும். அதை இன்றைக்கே அடையுங்கள். குண்டு வித்தையால் எங்கள் சர்வரில் யாருக்கும் நஷ்டமில்லை, மலைக்குத்தான் நஷ்டம். சர்வர் திணறுகிறது என்றால் அதைச் சொல்லுங்கள், நாளைக்கு இத்தனை குண்டு என்று பிள்ளைகளே கணக்குப் பேசட்டும்.

ஆக, அந்த அப்பாவுக்கு: அந்த மூலையில் இருக்கிற சுவிட்சைத் திறந்துவிடுங்கள். வைர நகலுக்குப் பூட்டு இருக்கட்டும். அடுத்து எதை மாற்றுவதானாலும் ஒரு வாரம் முன்னால் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கேளுங்கள், பன்னிரண்டு பேர்தானே. இயந்திரத்தை மறுபடி ஓடவைக்க நானும் ஒரு சனிக்கிழமை வருகிறேன். போன மூன்று பேரையும் திரும்பக் கூப்பிடுகிற வேலை மட்டும் உங்களுடையது.