நாலு பேருக்காக ஒரு கடன்

ஆவணி, தை பிறந்துவிட்டால் சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டில் கல்யாண பேனர்களுக்குக் குறைவிருக்காது. மணமக்களைச் சுற்றி இரு வீட்டுப் பெரியவர்களின் படங்கள். பெயருக்கு முன்னால் பட்டம், பின்னால் பதவி. கரும்பையும் நெல்லையும் நம்பிய பூமி இது. கரும்பை வெட்டி ஆலைக்கு அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கும் குடும்பங்களில் பல, வட்டிக்கு வாங்கித்தான் பந்தல் போடுகின்றன. ஏன் என்று கேட்டால், “நாலு பேர் என்ன நினைப்பாங்க?” என்பதுதான் பதில்.

அந்த நாலு பேர் மதிக்கும் அந்தஸ்தை மேடையில் தோலுரித்துக் காட்டிய நாடகம் அண்ணாவின் ‘வேலைக்காரி’. கே.ஆர்.ராமசாமியின் நாடகக் குழுவுக்காக 1940-களில் எழுதப்பட்டது. 1949-ல் ஜூபிடர் நிறுவனத்தின் தயாரிப்பில் திரைப்படமாகவும் வந்தது. பெரிய மனிதர் வேதாசல முதலியார், கொடுத்த கடனுக்காக ஓர் ஏழையை நெருக்குகிறார். அவமானம் தாங்காமல் அந்த ஏழை தூக்கில் தொங்குகிறார். பழிவாங்கக் கத்தி எடுக்கும் மகன் ஆனந்தனை நண்பன் மணி தடுத்து, வேறு வழி காட்டுகிறான். இறந்துபோன ஒரு பணக்கார வாலிபனின் பெயரைச் சூடிக்கொண்டு, பட்டும் பகட்டுமாக முதலியார் வீட்டுக்குள் நுழைகிறான் ஆனந்தன்.

அடுத்து நடப்பதுதான் நாடகத்தின் உயிர். கடனாளியின் மகனாக வந்திருந்தால் திண்ணையில்கூட உட்கார விடாத முதலியார், தன் மகள் சரசாவையே அவனுக்குக் கட்டிவைக்கிறார். ஆள் அதே ஆள்தான்; சட்டையும் பெயரும் மட்டுமே மாறின. அதே வீட்டில் வேலை செய்யும் அமிர்தத்தை முதலியாரின் மகன் மூர்த்தி விரும்பும்போது குடும்ப கௌரவம் குறுக்கே வந்து நிற்கிறது. ஆனந்தனிடம் இல்லாத பணத்தை நம்பிப் பெண் கொடுத்தவருக்கு, அமிர்தத்திடம் இருந்த குணம் கண்ணில் படவில்லை.

பெரிய இடத்தைக் கேள்வி கேட்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கடலூர், விழுப்புரம் பக்கத்துத் தெருக்கூத்தில், இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் கிரீடமும் புஜகீர்த்தியுமாக ராஜா வந்து நிற்பார். யார் நீ, எந்த ஊர் என்று கட்டியங்காரன் விசாரிப்பான். ராஜா தன் பெருமையை அடுக்க அடுக்க, அவன் ஒவ்வொன்றையும் கேலி செய்வான். ராஜா முறைக்கலாமே தவிர, வாயை அடைக்க முடியாது. விடிய விடிய அதைப் பார்த்துச் சிரிக்கும் நாம், நம் வீட்டு விசேஷம் என்றதும் ராஜா வேஷத்தை நாமே கட்டிக்கொள்கிறோம்.

அண்ணா நாடகம் எழுதியதோடு நிற்கவில்லை. 1967-ல் முதலமைச்சரானதும் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் வாங்கித் தந்தார். உற்றார், நண்பர்கள் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்று, மாலை மாற்றிக்கொண்டாலே திருமணம் செல்லும். சட்டத்துக்கு ஒரு மாலை போதும். மண்டபமும், சீர்வரிசையும், பந்தியில் இருபது வகைப் பதார்த்தமும் கேட்பது அந்தஸ்து. அதற்காக வாங்கிய கடனை அடைக்க நிலத்தை விற்ற குடும்பங்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு.

அமிர்தங்களின் நிலை என்ன? வீட்டுப் பணியாளர்களுக்குத் தமிழ்நாட்டில் 2007-ல் நலவாரியம் வந்தது. நல்ல தொடக்கம். ஆனால் சமையலறை மூலையில் அவர்களுக்கென்று ஒதுக்கிய தனி டம்ளரை எந்த வாரியமும் வந்து எடுக்காது. அதை எடுக்க வேண்டியது வீட்டுக்காரர்கள்தான்.

பள்ளி, கல்லூரி ஆண்டு விழாக்களில் ‘வேலைக்காரி’ மீண்டும் மேடையேற வேண்டும். முதலியாரைப் பார்த்துக் கைதட்டிச் சிரிக்கும் பிள்ளைகள், வீட்டுக்கு வந்து பெற்றோரிடம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: நம் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கு ஏன் தனி டம்ளர்? என் கல்யாணத்துக்கு ஏன் கடன்? பிள்ளைகள் கேட்டால் பெற்றோர் கோபப்பட வேண்டாம். உட்கார வைத்துப் பேசுங்கள். பெண் பார்க்க வரும் வீட்டாரிடமும் வரவு இவ்வளவு, எங்களால் முடிந்தது இவ்வளவு என்று தலை நிமிர்ந்து சொல்லுங்கள். நாலு பேர் விருந்துண்டு வாழ்த்திவிட்டுப் போய்விடுவார்கள்; வட்டி கட்டப்போவது நீங்களும் உங்கள் பிள்ளைகளும்தான்.