பொறி ஈட்டிய பொழுது

ஒரு நாட்டின் இயல்பை அந்நாட்டார் கூறக் கேட்பதும் உண்டு. அயல்நாட்டார் கூறக் கேட்பதும் உண்டு. முன்னவர் பழக்கத்தாற் காணாது விடுவதைப் பின்னவர் புதுமையாற் காண்பர். பின்னவர் விரைவிற் பிழைபடக் கொள்வதை முன்னவர் திருத்துவர். அயலாரால் நெடுங்காலமாக உற்று நோக்கப்பட்டு வரும் நாடுகளுள் அமெரிக்க ஐக்கிய நாடுகள் தலையாயதொன்றாகும். ஐரோப்பாவினின்று அங்குச் சென்று, அதன் பொறிகளையும் பண்டங்களையும் உழைக்கும் முறையையும் கண்டு, வியந்தும் வெறுத்தும் நூல் எழுதினோர் பலர். அவர்தம் கூற்றுக்களை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஒரு வினா எழாமற் போகாது. பொறி மனிதனுக்குப் பொழுதை ஈட்டித் தருகின்றது என்பதில் ஐயமில்லை. அங்ஙனம் ஈட்டிய பொழுது எங்கே சென்றது? இவ்வினாவை ஆராய்வதே ஈண்டு நம் கருத்து.

1831ஆம் ஆண்டு மே மாதத்தில் அலெக்சி டி டாக்வில் என்னும் பிரெஞ்சுக்காரர் நியூயார்க்கு நகரில் வந்திறங்கினார். அப்பொழுது அவருக்கு வயது 25. நம் மாணவ நண்பர்களினும் சில ஆண்டே மூத்தவர். அந்நாட்டுச் சிறைச்சாலைகளின் முறையை ஆராய்ந்து வருமாறு அவரையும் அவர்தம் நண்பர் பொமோன் என்பாரையும் பிரெஞ்சு அரசாங்கம் அனுப்பியிருந்தது. ஒன்பது திங்கள் அங்கே சுற்றிய அவர், சிறைச்சாலைகளோடு அமையாது மக்கள் வாழ்க்கை முழுவதையும் நோக்கி, 1835லும் 1840லும் இரு பகுதிகளாக வெளியிட்ட நூல் இன்றளவும் பயிலப்பட்டு வருகின்றது. அதன்கண் ஒரு சிறு செய்தி உளது. உங்கள் நாட்டுக் கப்பல்களை நெடுநாள் நில்லாதவாறு கட்டுவதேன் என்று அவர் ஓர் அமெரிக்க மாலுமியை வினவினாராம். கப்பற்கலை நாளுக்குநாள் முன்னேறுகின்றது. ஆதலின் எத்துணைச் சிறந்த கப்பலும் சில்லாண்டிற் பயனற்றதாகிவிடும் என அம்மாலுமி தயங்காது விடையிறுத்தாராம். ஆண்டுதோறும் புதுவடிவு கொண்டு வரும் கைப்பேசிக்குக் காரணம் வினவுவார்க்கு இன்றும் இவ்விடையன்றோ கிடைக்கின்றது? நாளைய பொருள் இன்றைய பொருளினும் சிறந்ததாகும் என்னும் நம்பிக்கை ஒருபுறம். ஆதலின் இன்றைய பொருளிற் கருத்தூன்ற வேண்டுவதில்லை என்னும் அசட்டை மற்றொருபுறம். இவ்விரண்டும் ஒரு காம்பின் இரு மலர்கள் என்பதை அவ்விளைஞர் அன்றே கண்டுகொண்டார். இத்துணைச் செழிப்பின் நடுவேயும் அம்மக்கள் அமைதியின்றி இருந்தமை அவருக்கு வியப்பை அளித்தது.

அவருக்குப் பின் எழுபதாண்டு கழிந்து சென்றவர் மாக்ஸ் வெபர் என்னும் ஜெர்மானியப் பேரறிஞர். ஓயாது உழைத்து நரம்புத் தளர்ச்சியுற்றுப் பல்லாண்டு துன்புற்று, ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் தாம் வகித்த பேராசிரியப் பதவியையும் 1903இல் துறந்தவர் அவர். உழைப்பின் பெருமையையும் கொடுமையையும் தம் உடம்பிலேயே அறிந்தவராதலின் அவருடைய கண்ணுக்குக் கூர்மை மிகுதி. 1904இல் அவர் சிக்காகோ நகரத்து இறைச்சிக் கூடங்களைக் கண்டார். அங்கே கொல்லப்பட்ட விலங்கின் உடல் தொங்கியவாறே நகர்ந்து செல்லும். வரிசையாக நிற்கும் ஆட்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வெட்டு வெட்டுவர். அந்நகரத்தையே தோலுரித்துக் குடல் இயங்குவதைக் காட்டும் ஓர் உடலாக அவர் கருதினார்.

அப்பயணத்திலேயே வட கரோலினாவில் வாழ்ந்த தம் உறவினரைக் காணச் சென்றவர், ஆங்கு ஓர் ஓடையில் நிகழ்ந்த ஞானஸ்நானத்தையும் கண்டார். மூழ்கி எழுந்தாருள் ஒருவர் அவ்வூரில் வங்கி தொடங்க எண்ணியிருப்பவர் எனவும், சபையில் சேர்ந்தாரை ஊரார் நாணயமுடையவர் என நம்பிப் பணத்தை ஒப்புவிப்பர் எனவும் உறவினர் அவருக்கு உரைத்தனர். கிறிஸ்தவராகிய நமக்கு இச்செய்தி நகைப்பையன்று, நாணத்தையே தருவது. கடவுளுக்கு அஞ்சி உழைத்தலும் சிக்கனமாக வாழ்தலும் நன்றே. ஆயின் அவ்வுழைப்பு தன்னைத் தோற்றுவித்த சமயத்தை மறந்து, தனக்குத் தானே பயனாகித் தனித்து நிற்குமாயின், மனிதன் அதற்கு அடிமையாகின்றான். 1904லும் 1905லும் வெளிவந்த வெபரின் புகழ்பெற்ற ஆராய்ச்சியின் முடிபு இதுவேயாகும்.

நிற்க. சிக்காகோவின் இறைச்சிக் கூடத்தில் விலங்கின் உடலைப் பிரித்தற்குப் பயன்பட்ட முறையே, வண்டியின் உறுப்புக்களை இணைத்தற்கும் பயன்பட்டது. 1913இல் ஹென்றி போர்டு என்பார் தம் ஹைலண்டு பார்க் தொழிற்சாலையில் நகரும் வரிசை முறையை அமைத்தார். அதன்பின் தொழிலாளி வண்டியை நாடிச் செல்லவில்லை. வண்டியே தொழிலாளியை நாடி வந்தது. ஒரு வண்டியின் அடிச்சட்டத்தைப் பொருத்த முன்னர்ப் பன்னிரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. ஓராண்டு நிரம்புமுன் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே போதுமானதாயிற்று. 1908இல் ஏறத்தாழ 850 டாலர் விலையில் வெளிவந்த அவ்வகை வண்டி, 1925 அளவில் 300 டாலருக்கும் கீழ்ப்பட்ட விலைக்குக் கிடைத்தது. குடியானவனும் மோட்டார் வண்டி வாங்கலானான்.

இது வியத்தற்குரியதே. ஆயின் அத்தொழிற்சாலையில் உழைத்தார் நிலை யாது? 1913இல் ஏறத்தாழ 14,000 பேர் கொண்ட தொழிலாளர் கூட்டத்தைக் குறையாது வைத்துக்கொள்ள, ஓராண்டிலேயே 50,000 பேருக்கு மேல் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. நாள் முழுதும் ஒரே திருகாணியை முறுக்குதல் மனிதனால் பொறுக்கலாகாத செயலாயிற்று போலும். 1914 ஜனவரியில் நாட்கூலியை 5 டாலராக உயர்த்தி, ஒன்பது மணி நேர வேலையை எட்டாகக் குறைத்த பின்னரே தொழிலாளர் நிலைபெற்றனர். சலிப்புக்கு விலையாகக் கூலி உயர்ந்தது. அக்கூலியைக் கொண்டு தாம் செய்த வண்டியையே தொழிலாளர் வாங்கினர்.

பின்னர் மற்றொரு மாறுதலும் நிகழ்ந்தது. போர்டு கடனுக்கு விற்றலை விரும்பாதவர்; பணத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து முடித்தபின் வண்டியைப் பெறுக என்பது அவர் கொள்கை. அவருடன் போட்டியிட்ட ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தாரோ, முதலில் வண்டியைப் பெறுக, பணத்தைத் தவணையாகத் தருக என்றனர். இதற்கெனவே 1919இல் ஒரு கடன் நிறுவனமும் கண்டனர். ஆண்டுதோறும் வண்டியின் வடிவையும் மாற்றினர். அவரே முந்தினர். பொருள் முன்னும் உழைப்புப் பின்னுமாக முறை மாறிவிட்ட அந்நாள் முதல், தவணை முடியும்வரை தொழிலாளி தன் நாளையப் பொழுதை இன்றே விற்றவனாகின்றான். பொறி ஈட்டிய பொழுது சென்ற இடங்களுள் இஃது ஒன்று.

இக்காலத்தில் அமெரிக்கா சென்ற பிரெஞ்சுக்காரர் இருவரை ஒப்பிட்டு நோக்குதல் நலம். ஒருவர் ஜார்ஜ் துவாமேல். மருத்துவர், புகழ்பெற்ற நாவலாசிரியர். 1930இல் வெளிவந்த அவர் நூல், இறைச்சிக் கூடத்தையும் சினிமாவையும் விளம்பரத்தையும் மோட்டார் வண்டியையும் சாடி, ஐரோப்பாவுக்கு வரவிருக்கும் கேட்டின் அறிகுறிகள் இவையென அஞ்சுகின்றது. முதல் உலகப் போரிற் படை மருத்துவராய்ப் பணிபுரிந்து, பொறிகள் மனித உடலைச் சிதைத்ததைக் கண்டவர் அங்ஙனம் அஞ்சியது இயல்பே. மற்றவர் ஹியாசிந்த் துப்ரேய். உலோகத் தொழிலாளி, தொழிற்சங்கத் தலைவர். 1927இல் அங்குச் சென்று, போர்டு தொழிற்சாலை உள்ளிட்ட பல இடங்களிற் கூலியாளாகவே வேலை செய்து, 1929இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் துவாமேலைப் போல அஞ்சினாரல்லர். வேலையின் ஒழுங்கையும் கருவிகளின் சிறப்பையும் கண்டு பெரிதும் மதித்தார்.

இவ்விருவருள் யார் கூறுவது மெய்? இருவர் கூற்றும் மெய்யே என்பது நம் துணிபு. ஆயின் பார்க்கச் சென்றவன் பொறியின் ஓசையைக் கேட்கின்றான். வேலை செய்யச் சென்றவன் பொறி தன் முதுகினின்று இறக்கிய சுமையை உணர்கின்றான். அமெரிக்கர் வீட்டில் துணி துவைக்கும் பொறியைக் கண்டு நகைத்த ஐரோப்பியச் செல்வரின் துணியைத் துவைத்தவர் யார்? வேலைக்காரி அன்றோ? பிறர் கையால் துவைத்த வெள்ளாடையை உடுத்திக்கொண்டு பொறியைப் பழித்தல் எளிது. நம் நாட்டிலும் அங்ஙனம் பழிப்பார் உளர். அவர்தம் இல்லத்து அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் வாயிருப்பின் உண்மை வெளிப்படும்.

ஆயினும் பொறி வந்தவுடன் பொழுதும் வந்துவிடுகின்றது எனக் கருதற்க. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியை இதனை ஆராய்ந்து 1983இல் ஒரு நூல் வெளியிட்டார். வீட்டிற்குள் பொறிகள் புகுந்தபின் வேலையின் கடுமை குறைந்தது. இல்லத்தலைவியின் வேலை நேரமோ குறையவில்லை. வாரம் ஒருமுறை மாற்றிய உடையை நாள்தோறும் மாற்றலாயினர். வண்ணார்க்கு அனுப்பிய துணி வீட்டிற்கே திரும்பியது. பொறி சேர்த்த பொழுதைப் புதுத் தேவைகள் உண்டுவிட்டன. பொழுது சென்ற மற்றோர் இடம் இது.

இஃது ஊழ்வினையோ, அமெரிக்கரின் பிறவிக் குணமோ எனின், இரண்டும் அன்று. கெல்லாக் என்னும் உணவு நிறுவனத்தார் பேட்டில் கிரீக் நகரத்துத் தம் ஆலையில் 1930 டிசம்பரில் நாளொன்றுக்கு ஆறு மணி நேர வேலையை ஏற்படுத்தினர். வேலையின்றித் தவித்தார் பலர்க்கு அதனால் வேலையும் கிடைத்தது. 1933இல் வாரத்திற்கு 30 மணி நேர வேலை என்னும் மசோதா அமெரிக்க செனட் சபையிலேயே நிறைவேறியது, ஆயின் சட்டமாகவில்லை. கெல்லாக் ஆலையிலும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெரும்பாலோர் கூடுதல் கூலியை விரும்பி எட்டு மணி நேரத்திற்கு மீண்டனர். ஆறு மணி நேரத்தை விடாது பற்றியிருந்தாருள் பெண்களே மிகுதி. 1985இல் அதுவும் மறைந்தது. ஓய்வா, பொருளா என்னும் கவர்வழியில் நின்று, அவர் பொருள் வழியைத் தேர்ந்தனர்.

ஐரோப்பியர் வேறு வழியைத் தேர்ந்தனர். பிரெஞ்சு நாட்டில் 1936இல் ஆண்டுக்கு இரு வாரம் கூலியோடு கூடிய விடுமுறை சட்டமாயிற்று. இன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் அவ்விடுமுறை நான்கு வாரத்திற்குக் குறைதலாகாது. அமெரிக்காவிலோ தனியார் நிறுவனங்களிற் பணிபுரிவார்க்கு ஊதியத்துடன் விடுமுறை அளித்தே தீர வேண்டும் என்னும் நாடு தழுவிய சட்டம் இன்றும் இல்லை. அண்மைக் கணக்குகளின்படி அமெரிக்கர் ஒருவர் ஆண்டுக்குச் சராசரி ஏறத்தாழ 1,800 மணி நேரம் உழைக்கின்றார். ஜெர்மானியர் உழைப்பது 1,400க்கும் குறைவு. 1970 அளவில் இருசாராரிடையே இத்தகைய பெரு வேற்றுமை இருந்ததில்லை. பிறவிக் குணமாயின் இடையில் எங்ஙனம் தோன்றும்? அமெரிக்கர் வருவாயில் மேம்பட்டு நிற்கின்றனர் என்பதையும் மறைத்தல் முறையன்று. ஒரு கரையில் பண்டம் மிகுதி, மற்றொரு கரையில் பொழுது மிகுதி. பொறிகளோ இரு கரையிலும் ஒன்றே. ஆதலின் பழியும் புகழும் பொறியைச் சாரா. அதன் பயனைப் பங்கிடும் மனிதரையே சாரும்.

ஆங்கிலப் பொருளாதார அறிஞர் கேன்ஸ், நூறாண்டில் மக்கள் வாரத்திற்குப் பதினைந்து மணி நேரமே உழைப்பர் என 1930இல் எதிர்பார்த்தார். அவர் குறித்த காலம் 2030. செல்வம் பெருகும் என்ற அளவில் அவர் கணக்குப் பொய்க்கவில்லை. போதும் என்னும் சொல்லை மக்கள் உரைப்பர் என்ற அளவிலேயே பொய்த்தது.

இவ்வாராய்ச்சியால் நமக்கு யாது பயன் என்பீராயின் கூறுவோம். நம் கல்லூரியிற் பயின்று வெளியேறுவார் பலர் அமெரிக்கா செல்ல விழைகின்றனர். செல்லாதாரும் அந்நாட்டு வாழ்க்கைக்குப் புறம்பானவர் அல்லர். அமெரிக்கரின் பகற்பொழுதுக்கு ஏற்ப, சென்னையில் இரவெல்லாம் விழித்துப் பணிபுரியும் இளைஞர் எண்ணிறந்தோர். தவணையில் வாங்கிய வண்டியும் கைப்பேசியும் நம்மிடையேயும் பெருகிவிட்டன. ஊதியம் எவ்வளவு என்று வினவக் கற்ற நாம், ஓய்வு எவ்வளவு என்று வினவக் கூசுகின்றோம். சோம்பர் எனப் பெயர் வருமோ என அஞ்சுகின்றோம். ஓய்வு சோம்பல் அன்று. ஏழாம் நாள் ஓய்வை விதித்த கட்டளை, வீட்டுத் தலைவனுக்கு மட்டுமன்றி, வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் அந்நியனுக்கும் கால்நடைக்கும் சேர்த்தே விதித்தது. ஒருவர் ஓய்வு மற்றொருவர் சுமையாதல் கூடாது என்பதே அதன் உட்பொருள்.

ஆகவே, பொறிகளை வரவேற்போம். அவற்றைப் பழித்து ஏழையின் முதுகில் மீண்டும் சுமையேற்றுதல் அறமன்று. ஆயின் புதுப் பொறியொன்று நம் இல்லத்தினுள்ளோ அலுவலகத்தினுள்ளோ புகும்போதெல்லாம், இது மிச்சப்படுத்தும் நாழிகை யாருக்கு உரியது என்று ஒருமுறை வினவுவோமாக. நம் தாயருக்கும் தங்கையருக்கும் உடன் உழைப்பார்க்கும் அந்நாழிகையிற் பங்கு உண்டாயின், அப்பொறி நமக்கு ஏவலாளாம். இன்றேல், விலை கொடுத்து நாம் வாங்கிய எசமானனே ஆகும்.