சாணை மெஷின் வாங்குமுன் சற்று யோசிப்போம்



இரும்புச் சாமான் இல்லாத கடை கொல்லிமலையில் கிடையாது. பலாப்பழம் அறுக்கும் கத்தி, வாழைத்தார் அரியும் அரிவாள், மூட்டை இழுக்கும் கொக்கி, சரக்கு அடுக்கும் ஆங்கிள் ரேக், கடையை மூடும் ஷட்டர் என்று எல்லாமே இரும்புதான். மலையின் மழையும் மூடுபனியும் சேர்ந்தால் ஒரே மாதத்தில் துரு ஏறிவிடுகிறது. சந்தைக்கு முந்தின நாள் மழுங்கிய கத்தியோடு நிற்கும் சங்கடம் நம் எல்லோருக்கும் தெரியும்.

முன்பெல்லாம் காலால் மிதிக்கும் சக்கரத்தோடு சாணை பிடிப்பவர் தேடி வருவார். இப்போது அவரைக் காண்பது அரிது. காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, சேந்தமங்கலத்துக்கோ நாமக்கல்லுக்கோ ஒரு கத்திக்காகப் போய் வந்தால் ஒரு நாள் வியாபாரம் போயிற்று. ஆகவே, "ஒரு மெஷினை வாங்கிப் போட்டுவிடலாம்" என்று நம்மில் பலர் நினைப்பது நியாயமே. வாங்கலாம். ஆனால் விலை ஒன்றையே பார்த்து வாங்கக் கூடாது என்பது நமது உறுதியான கருத்து. அதற்குக் காரணம் உண்டு.

நம் கடை ஒன்றில் நடந்ததையே சொல்கிறோம். மலைக்குக் கீழே ஓர் ஊரில் பெயர் இல்லாத கை கிரைண்டர் ஒன்றை, பில்லும் வாங்காமல், சில நூறு ரூபாய் குறைவு என்பதற்காக வாங்கி வந்தோம். தடுப்பு மூடி ஆடிக்கொண்டே இருந்தது. தொந்தரவு என்று அதைக் கழற்றினோம். கழற்றியதும் பெரிய வீல் நுழைய இடம் கிடைத்தது. வீட்டில் கிடந்த 7 அங்குல வீலைப் பொருத்தினோம். ஓட்டிய சற்று நேரத்தில் வீல் சிதறியது. ஒரு துண்டு வேலை பார்த்த பையனின் காதோரமாகப் பறந்து, பின்னால் இருந்த எண்ணெய் டின்னைத் துளைத்தது. நான்கு விரற்கடை இந்தப் பக்கம் வந்திருந்தால் என்ன பதில் சொல்லியிருப்போம்? வாங்கிய இடத்தில் கேட்டபோது, "பில் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். நாமும் கடைக்காரர்கள்தானே! வாய் திறக்க முடியவில்லை.

கணக்குப் பார்த்தால் தவறு விளங்கும். 4 அங்குல கை கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றுகிறது. அந்த வேகத்தில் வீலின் ஓரம் மணிக்கு 200 கிலோ மீட்டருக்கு மேல் ஓடுகிறது. 4 அங்குல வீலின் மேல் 15,000க்கு மேற்பட்ட சுற்று தாங்கும் என்று அச்சிட்டிருக்கும். 7 அங்குல வீல் தாங்குவதோ சுமார் 8,500தான். அதைச் சிறிய மெஷினில் மாட்டுவது வெடியைக் கையில் பிடிப்பதற்குச் சமம். மெஷினின் சுற்றைவிட வீலின் சுற்று எப்போதும் அதிகமாக இருக்க வேண்டும். வீலின் நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதி மாதமும் ஆண்டும் இருக்கும். பிஸ்கட் பாக்கெட்டில் தேதி பார்க்கிற நாம் இதிலும் பார்க்க வேண்டாமா?

சரி, எதை வாங்குவது? வேலையைப் பொறுத்தே முடிவு செய்ய வேண்டும்.

ரேக், ஷட்டர், கேட் இவற்றில் துரு எடுக்கவும், வெல்டிங் மேடு தேய்க்கவும் 4 அங்குல கை கிரைண்டரே போதும். பெயர் பெற்ற நிறுவனத்தின் மெஷினே 2,000 ரூபாய் சுற்றளவில் கிடைக்கிறது. அதில் கல் வீலுக்குப் பதில், உப்புத்தாள் மடல்களை அடுக்கிய ஃபிளாப் டிஸ்க்கைப் போட்டால் இரும்பு குழி விழாமல் வழவழப்பாக வரும். முரட்டு வேலைக்கு 40 நம்பர், முடிப்பதற்கு 80 அல்லது 120 நம்பர் என்று வைத்துக்கொள்ளலாம். வெட்டும் வீலின் பக்கவாட்டில் வைத்து ஒருபோதும் தேய்க்கக் கூடாது. அது மெல்லியது, ஒடிந்துவிடும்.

கத்தி, அரிவாள் மட்டும்தான் என்றால் மேஜையில் பொருத்தும் 6 அங்குல பெஞ்ச் கிரைண்டர் நல்லது. அதன் சுற்று சுமார் 2,800தான் என்பதால் கைக்கு அடங்கும். அதில் கார்பன் பிரஷ் இல்லை. கை கிரைண்டரில் பிரஷ் தேயும், மாற்ற வேண்டும். ஆகவே வாங்கும்போதே ஒரு ஜோடி பிரஷ் சேர்த்து வாங்கி வருவது புத்திசாலித்தனம். பிரஷ்ஷுக்காக 70 வளைவு இறங்க முடியாது அல்லவா?

கத்தி செய்பவர்களும், நிறையக் கத்தி தீட்டுபவர்களும் விரும்புவது பெல்ட் மெஷின். உப்புத்தாள் பெல்ட் நீளமாக ஓடுவதால் சூடு ஓரிடத்தில் தங்குவது குறைவு. ஆனால் வாங்குமுன் ஒன்றைக் கேட்க வேண்டும்: அந்த அளவு பெல்ட் நாமக்கல்லிலோ சேலத்திலோ கிடைக்குமா? கிடைக்காவிட்டால் மெஷின் காட்சிப் பொருள்தான். கையில் பிடித்துத் தள்ளும் பெல்ட் சாண்டர் மரவேலைக்கானது. அதன் துணிப்பையில் மரத்தூள் இருக்கும்போது இரும்பைத் தேய்த்தால் பொறி விழுந்து பை பற்றிக்கொள்ளும். தட்டு போன்ற டிஸ்க் சாண்டர் தட்டையான முகத்தைச் சமப்படுத்த ஏற்றது. அதில் தட்டு கீழ்நோக்கி ஓடும் பக்கத்தில் மட்டுமே பொருளை வைக்க வேண்டும். மறுபக்கம் வைத்தால் பொருளைத் தூக்கி எறியும்.

எந்த மெஷினானாலும் கத்தியை விடாமல் அழுத்தித் தேய்த்தால் முனை நீலநிறமாகும். நீலம் பாய்ந்துவிட்டால் கொல்லர் போட்ட துவைச்சல் அந்த இடத்தில் போயிற்று. பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. பக்கத்தில் தண்ணீர் வைத்து அடிக்கடி நனைக்க வேண்டும். வாய் உடைந்த அரிவாளைக் கொல்லரிடமே கொடுப்போம். பட்டறை வேலையை மெஷின் செய்துவிடாது.

இனி, கடைக்காரர் என்ற முறையில் நாம் மறக்கக் கூடாத மூன்று விஷயங்கள்.

முதலாவது, கடைக்குள் வைத்து ஓட்டவே கூடாது. பொறி பல அடி தூரம் பாயும். சாக்கு, கற்பூரம், தீப்பெட்டி, எண்ணெய் எல்லாம் நம்மிடம்தான் இருக்கின்றன. இரும்புத் தூள் அரிசியிலும் மாவிலும் விழுந்தால் வாடிக்கையாளர் வயிற்றுக்குப் போகும். தீட்டிய கத்தியைக் கழுவித் துடைத்த பிறகே பழத்தில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, எடைக்கல்லின் மேல் மெஷின் படவே கூடாது. துருவை எடுக்கிறேன் என்று தேய்த்தால் எடை குறையும், முத்திரையும் அழியும். மனதில் களவு இல்லாவிட்டாலும், முத்திரை அழிந்த கல்லில் நிறுப்பது 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்துக்கு விரோதம்தான். துருப்பிடித்த கல்லை மறு முத்திரைக்குக் கொண்டுபோவதே முறை.

மூன்றாவது, மின்சாரம். நீளமான மெல்லிய ஒயரில் இழுத்தால் வோல்டேஜ் இறங்கும், நாம் மேலும் அழுத்துவோம், மோட்டார் கருகும். கனமான செப்பு ஒயரும், எர்த் உள்ள பிளக்கும் தேவை. கண்ணாடி அணியாமல் சுவிட்சைத் தொடக் கூடாது. தொங்கும் துண்டும் தளர்ந்த சட்டையும் ஆகாது.

பில் வாங்குவதில் நமக்கு லாபமும் உண்டு. கை கிரைண்டருக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. கடை உபயோகத்துக்கு வாங்கினால், வழக்கமான முறையில் பதிவு செய்த வணிகர் அந்த வரியைக் கழித்துக்கொள்ளலாம். தொகுப்பு வரித் திட்டத்தில் இருப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. ஆனாலும் உத்தரவாதம் கேட்க அந்தக் காகிதம்தான் சாட்சி.

நிறைவாக ஒரு யோசனை. மாதம் இரண்டு கத்தி தீட்ட ஒவ்வொரு கடைக்கும் ஒரு மெஷின் எதற்கு? அதற்கு ஒரு சாணைக்கல்லே போதும். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு நல்ல பெஞ்ச் கிரைண்டரோ பெல்ட் மெஷினோ வாங்கி, ஒதுக்கமான இடத்தில் வைத்து, பழகிய ஒருவரிடம் ஒப்படைக்கலாம். நம்மில் வீல் விற்பவர்கள், தேதி முடிந்த சரக்கை ஒதுக்கிவிட்டு, வீலோடு ஒரு கண்ணாடியையும் எடுத்து வைத்து விற்கட்டும். இரண்டு காசு லாபத்துக்காக ஒருவர் கண்ணைப் பறிக்கும் சரக்கு நம் கடையில் வேண்டாம்.

அன்று துளைபட்ட அந்த எண்ணெய் டின்னை நாம் இன்னும் எறியவில்லை. கடையில் கண்ணில் படும்படியே வைத்திருக்கிறோம்.