நாணயம் ஒன்று, நாணயம் எங்கே?

ஐரோப்பியரின் ஒற்றுமையைக் கண்டு மெய்சிலிர்ப்போர் நம்மிடையே பலர் உளர். அன்னவர் 2002 ஆம் ஆண்டிற் புழக்கத்துக்கு வந்த யூரோத் தாள் ஒன்றைக் கையிலெடுத்து உற்றுநோக்குவார்களாக. ஒரு பக்கத்தில் வாயிலோ சாளரமோ; மறுபக்கத்தில் ஒரு பாலம். அழகிய பாலந்தான். அஃது எந்த நாட்டில் உள்ளது என்று வினவினால், எந்த நாட்டிலும் இல்லை என்பதே விடை! ஒரு நாட்டுப் பாலத்தை வரைந்தால் மற்றைய நாடுகள் முகஞ்சுளிக்கும். ஒரு நாட்டுப் பெரியாரின் உருவத்தைப் பொறித்தாலோ, அயல்நாட்டாருக்கு அவர் படையெடுத்து வந்த பகைவராயிருப்பார். ஆகவே ஆஸ்திரியரான றொபேட் கலினா எங்குமில்லாத பாலங்களை வரைந்து கொடுத்தார். பின்னர் ஒல்லாந்தில் ஸ்பைக்கனிஸ என்னும் ஊரார் அவ்வேழு பாலங்களையும் தம்மூரில் மெய்யாகவே கட்டிவிட்டனர்.

பெயர் சூட்டிய கதையும் வேடிக்கையானதே. முதலில் 'எக்கூ' என்ற பெயர் வழக்கிலிருந்தது. அது பழைய பிரெஞ்சுக் காசு ஒன்றின் பெயருமாகையால் பிரான்சுக்கு இனித்தது, ஜேர்மனிக்குக் கசந்தது. 'ஓர் எக்கூ' என்பது ஜேர்மானியர் காதில் 'ஒரு பசு' என்று விழுமாம்! 1995 இல் மட்றிட் நகரிற் கூடி 'யூரோ' என்று பெயரிட்டனர். 1998 மே மாதம் மத்திய வங்கிக்குத் தலைவரைத் தெரிய வேண்டி வந்தபோது, நண்பகல் உணவுக்கு அமர்ந்த தலைவர்கள் இரவு நெடுநேரம்வரை எழவில்லை. ஒல்லாந்தரான டூசன்பேர்க்குக்கு எட்டாண்டுப் பதவி. ஆனால் அவர் இடைநடுவில் 'தாமாகவே' விலகுவார். பின்னர் பிரெஞ்சுக்காரரான திறிஷே அமர்வார். அவ்வாறே 2003 இல் நடந்தது. தாமாகவே விலகுதலுக்கு முன்கூட்டியே நாள் பார்த்த விந்தையை வேறெங்கும் காணோம்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். வரவு செலவுத் திட்டத்தில் துண்டுவிழும் தொகை தேசிய உற்பத்தியில் நூற்றுக்கு 3 வீதத்தை மீறலாகாது, மீறினால் தண்டம். இதனை வற்புறுத்தி எழுதுவித்தது ஜேர்மனியே. அச்சட்டத்தை மீறிய ஜேர்மனியும் பிரான்சும் 2003 நவம்பரில் நிதியமைச்சர் சபையைக்கொண்டே நடவடிக்கையை நிறுத்துவித்தன. பங்குக் கிணற்றில் முறைதவறி இறைக்கலாகாது என்று கட்டளையிட்ட பெரிய கமக்காரர், இரவிலே தாமே துலா மிதித்த கதை இது. காசு என்ற பொருளில் நாணயம் ஒன்றாயிற்று. சொற்காக்கும் நாணயமோ ஆளுக்கொன்றாகவே இருந்தது.

கிரேக்கர் உத்தமர் என்று வாதாட நாம் வரவில்லை. அவர்கள் 2001 இற் காட்டிய கணக்குப் பிழையென்பது பின்னர் வெளியாயிற்று. 2009 இல் துண்டுவிழும் தொகை முன்னர் கூறியதனிலும் பன்மடங்கு என்று அவர்தம் புதிய அரசாங்கமே ஒப்புக்கொண்டது. 2010 இல் 11,000 கோடி யூரோக் கடனுதவி ஏற்பாடாயிற்று. அதற்கு முன்னரே ஏச்சும் ஏற்பாடாயிற்று. தீவுகளை விற்றுக் கடனை அடையுங்கள், அக்கிரோபோலிசையும் விற்கலாமே என்றது ஒரு ஜேர்மன் நாளேடு. அதற்குச் சில நாள் முன்னரே, போர்க்காலத்தில் எங்கள் பொன்னை அள்ளிச் சென்ற நாசிகள் அதனைத் திருப்பித் தரவில்லையே என்று கேட்டிருந்தார் கிரேக்கத் துணைப் பிரதமர் பங்கலொஸ்.

இவ்விடத்தில் நம் சிரிப்பு அடங்குகிறது. தனிக் காசுள்ள நாடு இடர்வந்தால் அதன் மதிப்பைக் குறைத்துத் தன் பண்டங்களை மலிவாக்கி மூச்சுவிடலாம். திறக்மாவைக் கைவிட்ட கிரேக்கத்துக்கு அவ்வழி அடைபட்டது. குறைக்க எஞ்சியவை கூலியும் ஓய்வூதியமுமே. 2013 இல் தொழிற்படையினரில் 27 வீதத்தினர் வேலையற்றிருந்தனர். கடனாக வந்த பணத்தின் பெரும்பகுதியோ பழைய கடன்காரருக்கே திரும்பிச் சென்றது. அவர்களுள் ஜேர்மன், பிரெஞ்சு வங்கிகளும் இருந்தன. உதவி பெற்றவர் யார் என்று கேட்க நமக்கு உரிமையில்லையா?

1953 இல் இலண்டனிற் கூடிய நாடுகள் மேற்கு ஜேர்மனியின் கடனில் ஏறக்குறையப் பாதியைத் தள்ளிவிட்டன. அவ்வுடன்படிக்கையிற் கையொப்பமிட்ட நாடுகளுள் கிரேக்கமும் ஒன்று! ஒழுக்க உபதேசம் செய்வோர் இதனை வசதியாக மறந்தனர். 2015 ஜூலை 5 ஆந் தேதி கிரேக்க மக்களில் வாக்களித்தோருள் 61 வீதத்தினர் கடுநிபந்தனைகள் வேண்டாமென்றனர். எட்டே நாளில் அவர்தம் அரசாங்கம் அவற்றினுங் கடியவற்றுக்குத் தலைசாய்த்தது. 2017 இல் யூரோ நிதியமைச்சர்களின் தலைவர் டைசல்புளூம், மதுவிலும் மாதரிலும் பணத்தைத் தொலைத்துவிட்டுக் கைநீட்டலாகாது என்ற கருத்திற் பேசித் தென்னாட்டார் அனைவரையும் ஒருங்கே சினமூட்டினார். அந்த அளவிலே ஓர் ஒற்றுமையை அவர் உண்டாக்கினார் என்பதை மறுப்பதற்கில்லை.

பொன்னின் கதை ஒன்று உண்டு. ஜேர்மனி பாரிசில் வைத்திருந்த 374 தொன் பொன்னையும் 2017 அளவில் பிராங்போட்டுக்கு எடுத்துச் சென்றுவிட்டது. இரு நாட்டிலும் ஒரே காசு வழங்குவதால் இனிப் பாரிசிற் பொன் வைத்திருக்கத் தேவையில்லை என்பது அதன் மத்திய வங்கி கூறிய காரணம். இருக்கலாம். ஆயினும் ஆயிரந் தொன்னுக்கு மேற்பட்ட பொன்னை அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் நியூயோர்க்கில் அப்படியே விட்டு வைத்தது. ஓரிரவில் லொறி போய்ச்சேரும் பாரிசிலோ ஒரு கட்டியையும் மிச்சம் விடவில்லை.